பியூஸ் கட்டை ஏறுகிறவள் கையில் இருக்கட்டும்
(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)



கடனைப் பற்றியும் விற்பனையைப் பற்றியும் எனக்கு முன்னால் பேசியவங்க நல்லா சொல்லிட்டாங்க. நான் வயரிங் வேலை பார்க்கிறவள். அதனால நம்ம மாவு மில், மசாலா கூடம், தையல் கூடம் இதுக்கெல்லாம் மேலே தொங்குகிற விளக்கையும் ஃபேனையும் பற்றிப் பேசுகிறேன்.

ட்யூப்லைட் எரியலைன்னா என்ன நடக்குது? "ஆளைக் கூப்பிட்டா கூலி கேப்பான், நீயே ஏறி மாத்திடும்மா"ன்னு ஒரு குரல் வரும். நாற்காலி மேல ஸ்டூல் ஏறும், ஸ்டூல் மேல நம்மில் ஒருத்தி ஏறுவா. மாவு அரைக்கக் கூலி உண்டு, கணக்கு உண்டு. இந்த வேலைக்குப் பேரும் இல்லை, கணக்கும் இல்லை. அதனாலதான் இதுக்கு ஏணி வாங்கணும்னுகூட யாருக்கும் தோணுறதில்லை.

தரையில் நின்னு லேசா ஷாக் அடிச்சா கையை உதறிட்டு வந்துடலாம். அதே ஷாக் பத்தடி உயரத்தில் அடிச்சா கை பிடியை விட்டுடும். கரண்ட் விட்ட உயிரைத் தரை வாங்கிடும். ஏணியையும் கரண்டையும் சேர்த்துப் பேசுறது இதுக்காகத்தான்.

"சுவிட்சை அணைச்சிட்டேனே"ன்னு சொல்லுவாங்க. வயரிங் மாத்திக் கொடுத்திருந்தா, சுவிட்ச் அணைஞ்ச பிறகும் ஹோல்டரில் கரண்ட் நிக்கும். அதனால மெயினை அணைக்கணும். பியூஸ் கட்டையைப் பிடுங்கி, ஏறுகிறவள் தன் முந்தானையில் முடிஞ்சுக்கணும். அவள் இறங்கும் வரை யாராலும் கரண்டைப் போட முடியாது. பியூஸ் கட்டை இல்லாத போர்டுன்னா, மெயின் பக்கத்தில் ஒருத்தி காவல் நிக்கட்டும்.

"எம்.சி.பி. இருக்கே, விழுந்திடும்"னு நம்பாதீங்க. அது வயரைக் காப்பாத்த வச்சது. 6 ஆம்பியர், 16 ஆம்பியர் தாண்டினாத்தான் அது கவனிக்கும். மனுஷ உடம்புக்கு ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே எமன். நமக்கு வேண்டியது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உடம்பு வழியா கரண்ட் தரைக்கு இறங்கினா, கண் சிமிட்டுற நேரத்தில் அது அணைச்சிடும். ஆனா ரெண்டு கம்பியையும் சேர்த்துப் பிடிச்சா அதுக்கும் தெரியாது. அது இருக்குன்னு தைரியமா கை வைக்கக் கூடாது.

இனி ஏணி. கரண்ட் வேலைக்கு அலுமினிய ஏணி ஆகாது. ஈரமான மூங்கில் ஏணியும் ஆகாது. ஃபைபர் ஏணி வாங்குங்க. சாத்துற ஏணின்னா, நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் அடி தள்ளி இருக்கணும். கீழே ஒருத்தி பிடிச்சுக்கணும். மேல் படியில் நிக்காதீங்க. கை எட்டலைன்னா இறங்கி ஏணியை நகர்த்துங்க. கொசுவத்தை இழுத்துச் செருகிக்கிட்டு ஏறுங்க. வெளியே சர்வீஸ் வயர் போகுற பக்கம் ஏணியோ இரும்புக் குழாயோ நிமிர்த்தவே கூடாது. அங்கே வேலைன்னா மின்வாரியத்துக்குச் சொல்லுங்க.

யாருக்காவது ஷாக் அடிச்சா ஓடிப்போய்த் தொடாதீங்க. முதலில் மெயின். முடியலைன்னா காய்ந்த கட்டையால் வயரைத் தள்ளுங்க. உடனே 108. மூச்சு இல்லைன்னா நடு நெஞ்சில் இரண்டு கையும் வச்சு, நிமிஷத்துக்கு நூறுக்குக் குறையாம அழுத்துங்க. மூச்சோட விழுந்து கிடக்கிறவளைத் தூக்கி உட்கார வைக்காதீங்க. கழுத்திலோ முதுகிலோ அடி பட்டிருக்கலாம்.

கடைசியா, நம்ம தீர்மான நோட்டுக்கு மூணு வரி கேக்கிறேன். ஒண்ணு, ஏணியும் ஆர்.சி.சி.பி.யும் குழுப் பணத்தில் வாங்கணும். ரெண்டு, மாதக் கூட்டம் தொடங்கும்போது அதில் இருக்கும் 'டி' பொத்தானை ஒருத்தி அமுக்கிப் பார்க்கணும். விழலைன்னா அன்னைக்கே மாத்தணும். மூணு, "நான் ஏற மாட்டேன், வயர்மேனைக் கூப்பிடுங்க"ன்னு ஒருத்தி சொன்னா, அவளைப் பயந்தாங்கொள்ளின்னு யாரும் பேசக் கூடாது. கூலி செலவுக் கணக்கில் போகட்டும்.

பத்து ரூபா குறைஞ்சாலும் கேள்வி கேக்கிறவங்க நாம. ஒரு உறுப்பினர் குறைஞ்சா எந்த நோட்டில் எழுதி ஈடு கட்டுவோம்?