திரும்பி வர முடியுமா? சிங்கப்பூரில் அப்பா அம்மாவோடு நடக்க

போன வாரம் ஒரு நேயர் கேட்டிருந்தாங்க: "ஊர்லேருந்து அப்பா, அம்மா வந்திருக்காங்க. கடைத்தொகுதி, கோயில் எல்லாம் பார்த்தாச்சு. காலையில ஒரு ரெண்டு மணி நேரம் காட்டுக்குள்ள நடக்கணும், சுலபமா ஒரு பாதை சொல்லுங்க." இந்தக் கேள்விக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நானே ஒரு தப்பான பதில் சொல்லியிருக்கேன். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்க அம்மாவுக்கு அப்போ 68 வயசு. பட்டுக்கோட்டையில் தினமும் கோயிலைச் சுத்தி நடக்கிறவங்க. அதனால் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தில் இருக்கிற தொங்குபாலத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். 250 மீட்டர் நீளம், காட்டுத் தரையிலிருந்து 25 மீட்டர் உயரம் வரைக்கும் போகும், மரங்களின் தலைக்கு மேல நடக்கலாம். வீனஸ் டிரைவ் பக்கம் இறங்கினால் பாலத்துக்குச் சுமார் இரண்டரை கிலோமீட்டர்தான். அம்மாவுக்கு இது எம்மாத்திரம்னு நினைச்சேன்.

பாலம் வரைக்கும் பிரச்சினை இல்லை. கடைசியில் ஒரு ஏற்றம் இருக்கு, நின்னு நின்னு ஏறினாங்க. வழியில் நீளவால் குரங்குகளைப் பார்த்ததும் "ஆஞ்சநேயா"ன்னு கும்பிட்டு, பையிலிருந்து வாழைப்பழத்தை எடுக்கப் போனாங்க. நல்லவேளை, கையைப் பிடிச்சுட்டேன். இங்கே காட்டுவிலங்குக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம், அபராதம் உண்டு. அதைவிட, பிளாஸ்டிக் பைன்னாலே சாப்பாடுன்னு குரங்குகளுக்குப் பழகிப்போச்சு. கொடுக்காட்டியும் பிடுங்கும். பையை முதுகுல மாட்டி ஜிப்பை மூடிடுங்க.

பாலத்து வாசலில்தான் நான் யோசிச்சிருக்கணும். அது ஒருவழிப் பாலம். இந்தப் பக்கம் ஏறினால் அந்தப் பக்கம்தான் இறங்கணும், வந்த வழியே திரும்ப அனுமதி கிடையாது. அந்தப் பக்கம் என்ன இருக்கு? படிகள். மரப்பலகைப் படிகள், இறங்கி, ஏறி, மறுபடி இறங்கி. வரைபடத்தில் பார்த்தால் அழகான வளையம் மாதிரி தெரியும். முட்டிக்கு வரைபடம் தெரியாதே.

ஏறும்போது மூச்சு வாங்கும். நின்னா சரியாயிடும். இறங்கும்போது உடம்போட எடை முழுக்க முட்டியில் விழும், நின்னாலும் குறையாது. அம்மா கைப்பிடியை ரெண்டு கையாலும் பிடிச்சுக்கிட்டு பக்கவாட்டில் இறங்க ஆரம்பிச்சாங்க. "வலிக்குதாம்மா?" "ஒண்ணுமில்ல, நட." நானும் நடந்தேன். ஆசையா கூட்டிட்டு வந்த பிள்ளைகிட்ட எந்த அம்மா வலிக்குதுன்னு சொல்லுவாங்க? கேட்ட நானும் அந்தப் பதிலை நம்பத்தானே ஆசைப்பட்டேன். நாற்பது நிமிஷத்தில் முடியும்னு நான் நினைச்சது ஒன்றரை மணி நேரம் ஆச்சு. வீட்டுக்கு வந்தப்போ முட்டி வீங்கியிருந்தது. ஊருக்குத் திரும்ப மூணு வாரம் இருந்தது. அந்த மூணு வாரமும் எங்க வீவக வீட்டுப் பன்னிரண்டாவது மாடியில் உட்கார்ந்து கீழே பார்த்துக்கிட்டே கழிச்சாங்க.

அதுக்கப்புறம் யாராவது பாதை கேட்டால் நான் எத்தனை கிலோமீட்டர்னு முதல்ல சொல்றதில்லை. வலி வந்தால் எங்கே திரும்பலாம்னுதான் சொல்றேன்.

அந்தக் கணக்கில் பார்த்தால் அதே மெக்ரிட்சியிலேயே நல்ல பாதை இருக்கு. லோர்னி சாலைப் பக்கம் தண்ணீர்க் கரையை ஒட்டிப் பலகை நடைபாதை போகுது, செம்பராய் பாதைன்னு பேர். பத்து நிமிஷம் போய்த் திரும்பினாலும் அது நடைதான். 1868-லேயே கட்டி முடிச்ச நீர்த்தேக்கம், சிங்கப்பூரின் முதல் நீர்த்தேக்கம். பலகையில் நின்னால் மீன் தெரியும், சில நாள் ஆமையும். பாதி தூரம் போனதுக்கும் முழுசா போனதுக்கும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

இன்னொன்று, தெற்கு மலைத்தொடரில் இருக்கிற ஃபாரஸ்ட் வாக். அலெக்ஸாண்ட்ரா பாலத்துப் பக்கமிருந்து ஏறுங்க. உயரத்தில் போகும் இரும்புப் பாதை, வளைஞ்சு வளைஞ்சு மெதுவா ஏறும், சக்கர நாற்காலியே போகலாம். கால் வைக்கிற தரை கம்பிவலை மாதிரி இருக்கும், கீழே மரம் தெரியும். உயரம்னா பயப்படுறவங்களை முதல்லயே சொல்லித் தயார் பண்ணுங்க. தெம்பு இருந்தால் ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம் வரைக்கும் போகலாம். ஆனால் ஹார்பர்ஃப்ரண்ட் எம்ஆர்டி பக்கமிருந்து மவுண்ட் ஃபேபர் ஏறும் வழியில் பெரியவங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க. எடுத்த எடுப்பிலேயே படிதான்.

பழைய ரயில் பாதையும் நல்லதுதான். 2011-ல் ரயில் நின்னு, நடைபாதையாச்சு. மொத்தம் 24 கிலோமீட்டர், தரை சமமா இருக்கும், நிறைய இடத்தில் வெளியேறலாம். நிழல் சில பகுதிகளில் குறைவு, அதனால் காலையிலேயே முடிச்சுடுங்க. புக்கிட் தீமா மலை வேண்டாம். உயரம் 163 மீட்டர் சொச்சம்தான், ஆனால் தார்ச்சாலையே செங்குத்து. இறங்குற முட்டிக்கு அது மெக்ரிட்சியை விட மோசம்.

எதுவானாலும் ஏழரைக்குள் கிளம்பிடுங்க. இங்கே வருஷம் முழுக்க ஏழு மணிவாக்கில்தான் விடியும். மத்தியானம் இடி மின்னல் வந்தால் காட்டுக்குள் ஒதுங்க இடம் கிடைக்காது. தொங்குபாலம்தான் பார்க்கணும்னு அடம்பிடிக்கிற இளவட்டங்களுக்கு ஒண்ணு: திங்கட்கிழமை மூடியிருக்கும், பொது விடுமுறையா இருந்தால் தவிர.

அம்மா இந்த வருஷம் மறுபடி வந்தாங்க. முட்டிக்கு உறை போட்டுக்கிட்டுத் தண்ணீர்க் கரைப் பாதைக்குப் போனோம். இருபதாவது நிமிஷம் அவங்களே நின்னு, "இங்கேருந்து திரும்பிடலாம்டா, போதும்"னாங்க. உடனே திரும்பிட்டேன். பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து அந்த வாழைப்பழத்தை உரிச்சு ஆளுக்குப் பாதி சாப்பிட்டோம். ஒரு குரங்கும் வரல.