மலையின் சரித்திரம் யார் கையில்?

(திண்டுக்கல்லில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரை)

தோழர்களே!

திண்டுக்கல்லில் எந்த மில் வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தாலும் மலை தெரியும். மேற்கே பழனி மலை, தெற்கே சிறுமலை. ஆத்தூர் காமராஜர் அணையிலிருந்து நம் நகரத்துக்கு வரும் குடிதண்ணீர் அந்த மலையிலிருந்து இறங்கி வருகிற தண்ணீர்தான். குடகனாற்றுப் பாசனத்தை நம்பி நாற்று நடுகிற பெண்களின் கூலியும் மலையில் பெய்கிற மழையைப் பொறுத்தது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களுக்குப் பழம் பறிக்க மேலேறிப் போகிறவர்கள் யார்? நம்மைப் போன்ற கூலி ஜனங்கள்தான்.

ஆனால் அந்த மலையின் சரித்திரத்தைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? முருகன் கோவில் தெரியும், கோடைக்கானல் ஏரி தெரியும். அதற்கு மேல் கேட்டால் விழிக்கிறோம்.

"மில்லில் ஸ்பிண்டில் பார்க்கிறவனுக்கும் வயலில் களை எடுக்கிறவளுக்கும் மலைச் சரித்திரம் எதற்கு? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. இந்த ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவும் என்பதைக் காட்டத்தான் இன்று பேசுகிறோம்.

சட்டம் என்ன கேட்கிறது?

1882-ம் ஆண்டு வெள்ளை சர்க்கார் சென்னை மாகாண வனச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு காட்டை ரிசர்வ் காடாக்க வேண்டுமானால் அறிவிப்புப் போடுவார்கள். உரிமை கொண்டாடுகிறவர் குறித்த கெடுவுக்குள் வந்து மனுக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவருக்கு உரிமை போயிற்று. எழுத்தறியாமல் கிழங்கும் தேனும் எடுத்து வாழ்ந்த பளியர் குடும்பம் எந்தக் கச்சேரியைத் தேடி வந்து மனுக் கொடுத்திருக்கும்? பிறந்த மண்ணிலேயே அவர்கள் அத்துமீறிக் குடியிருப்பவர்கள் ஆனார்கள்.

அந்த அநீதியைத் திருத்தவே 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வந்தது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டில் குடியிருந்து, காட்டை நம்பிப் பிழைக்கிற பழங்குடிகளுக்கு நிலத்தின் மேல் உரிமை உண்டு. பழங்குடிப் பட்டியலில் இல்லாதவர்களுக்கும் உண்டு. ஆனால் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள் அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1930-க்கு முன்பிருந்தே இருந்தோம் என்று நிரூபிக்க வேண்டும். தமிழ்நாட்டிலோ நீதிமன்றத் தடையால் பட்டா கொடுப்பது பல ஆண்டு நின்று, 2016-ல்தான் அந்தத் தடை நீங்கியது.

எதைக் கொண்டு நிரூபிப்பது? 2008-ல் அமலுக்கு வந்த விதிகள் அதைச் சொல்கின்றன. கெசட்டியர்கள், ஜனத்தொகைக் கணக்கு, சர்வே அறிக்கைகள், தேசப்படங்கள், வன இலாகா தஸ்தாவேஜுகள், ஆராய்ச்சி நூல்கள் எல்லாம் சாட்சியம். சுடுகாடு, கோவில் காடு, பழைய கிணறு ஆகியவையும் சாட்சியம். மனுதாரர் அல்லாத பெரியவர்கள் சொல்லி எழுதிய வாக்குமூலமும் சாட்சியம். இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டது இருக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு பத்திரம்தான் வேண்டும் என்று எந்த அதிகாரியும் பிடிவாதம் பிடிக்கக்கூடாது என்று 2012-ல் விதியைத் திருத்தியும் இருக்கிறார்கள்.

ஆகவே, தோழர்களே, பழைய ஏடு நிலத்துக்குச் சாட்சி. அந்த ஏடுகள் எங்கே இருக்கின்றன?

ஏடுகள் இருக்கும் இடம்

முன்பெல்லாம் அவை சென்னையிலும் லண்டனிலும் அலமாரிக்குள் கிடந்தன. ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போகிற நாம் அவற்றைக் கண்ணால் பார்க்கவும் வழியில்லை. இன்று நிலைமை வேறு. பல லட்சம் பக்கங்களைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். கட்டணம் இல்லை, சிபாரிசுக் கடிதம் வேண்டாம். பஸ்ஸில் போகும்போது சினிமாப் பாட்டுக் கேட்கிற அதே செல்போனில் அவற்றைப் படிக்கலாம்.

அமெரிக்காவில் 1996-ல் தொடங்கிய 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' என்ற இலவசக் காப்பகம் இருக்கிறது. நெல்சன் 1868-ல் வெளியிட்ட மதுரை நாட்டுக் கையேடு, பிரான்சிஸ் 1906-ல் வெளியிட்ட மதுரை கெசட்டியர், தர்ஸ்டன் 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்திய ஜாதிகள் பற்றிய நூல் எல்லாம் அதில் முழுசாகக் கிடைக்கின்றன. தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் உண்டு. 1998 முதல் பல நாட்டுத் தமிழர்கள் கூலி வாங்காமல் தட்டெழுதிச் சேர்த்த மதுரைத் திட்டம் உண்டு. தேசிய ஆவணக் காப்பகம் 'அபிலேக் படல்' என்ற தளத்தை 2015-ல் திறந்தது. ஜனத்தொகை இலாகா பழைய கணக்கு அறிக்கைகளை ஏற்றியிருக்கிறது. இணையத்தில் கிடைக்காததற்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு நேரில்தான் போக வேண்டும்.

தேடுவது எப்படி?

இதற்குச் சில சூட்சுமங்கள் உண்டு. வேலை தெரிந்த தொழிலாளி கருவியைக் கையாளுவதுபோல் கையாள வேண்டும்.

முதலாவதாக, ஊர் எந்த ஜில்லாவில் இருந்தது என்று பாருங்கள். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-ல்தான். அதற்கு முன் மலையும் சமவெளியும் மதுரை ஜில்லா. திண்டுக்கல் என்று மட்டும் தேடினால் பாதிச் சரித்திரம் அகப்படாது.

இரண்டாவதாக, துரைமார் நம் பெயர்களை நாக்குக்கு வந்தபடி எழுதினார்கள். பழனி மலையை 'புல்னி' என்றும் 'பல்னி' என்றும் எழுதினார்கள். 1821-ல் அந்த மலையை அளந்த வார்டு என்ற ராணுவ அதிகாரி வராககிரி என்ற பழைய பெயரைத் தன் வாய்க்கு வந்த மாதிரி எழுதினார். ஒரு எழுத்துக்கூட்டலில் கிடைக்காவிட்டால் இன்னொன்றைப் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவதாக, பழைய அச்சை இயந்திரம் சரியாகப் படிக்காது. தேடி இல்லையென்று வந்தால் நூலில் இல்லையென்று அர்த்தமல்ல. பொருளடக்கத்தைப் பார்த்துப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும்.

நான்காவதாக, கிடைத்ததை உடனே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நூலின் பெயர், ஆண்டு, பக்கம் மூன்றையும் நோட்டில் குறியுங்கள். பக்க எண் இல்லாத ஆதாரம் பல் சக்கரம் இல்லாத மெஷின். லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் 2023 அக்டோபரில் தாக்கப்பட்டபோது அதன் இணையச் சேவை பல மாதம் முடங்கிக் கிடந்தது. இன்று திறந்திருக்கும் கதவு நாளைக்கும் திறந்திருக்கும் என்று சும்மா இருக்கக்கூடாது.

யார் எழுதியது, யாருக்காக?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இந்த ஏடுகளை எழுதியவர்கள் யார்? கலெக்டர் கச்சேரி அதிகாரிகள், சர்வே அதிகாரிகள், பாதிரிமார்கள். வரி எவ்வளவு தேறும், மரம் எவ்வளவு தேறும் என்று பார்த்த கண்கள்தான் மலைவாசிகளையும் பார்த்தன. பளியரைப் பற்றி அவர்கள் எழுதியதில் ஏளனம் மிகுதி. படித்தால் ரத்தம் கொதிக்கும்.

ஆனால் கொதிப்போடு நிறுத்திவிடக்கூடாது. அதே 1906-ம் ஆண்டு கெசட்டியர், பளியர்கள் மேல்பழனி மலைக் காடுகளிலும் வருசநாட்டுப் பள்ளத்தாக்கிலும் வாழ்கிறார்கள் என்று அச்சில் ஒப்புக்கொள்கிறது. சட்டம் வருவதற்குச் சரியாக நூறு ஆண்டுக்கு முன்னால்! எதிர்க் கட்சிக்காரனே கூண்டில் ஏறி நம் பக்கம் சாட்சி சொன்ன மாதிரி இது. ஏளனத்தைத் தள்ளுங்கள், சாட்சியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

1908-ல் தாமன் என்ற பாதிரியார் பளியர்களைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். அங்க்ளேட், நியூட்டன் என்ற பாதிரிமார் மலையிலுள்ள கற்திட்டைகளை ஆராய்ந்து எழுதிய நூலைத் தொல்பொருள் இலாகா 1928-ல் வெளியிட்டது. பிற்காலத்தில் பேராசிரியர் கா. ராஜன் தாண்டிக்குடியில் அகழாய்வு நடத்தினார். துரைமார் ஏறி வந்த பிறகுதான் மலைக்குச் சரித்திரம் தொடங்கியது என்ற கதையை இந்தக் கற்கள் பொய்யாக்குகின்றன.

ஏடுகள் சொல்லாமல் விட்டதையும் கவனியுங்கள். 1914 வாக்கில் மோட்டார் பாதை வருவதற்கு முன், மலையடிவாரத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து துரைமாரையும் துரைசாணிமாரையும் நாற்காலியில் வைத்துத் தோளில் சுமந்தே மேலேற்றினார்கள். அந்தப் பாதைக்குப் பெயரே கூலிப் பாதை. சுமக்கப்பட்டவர்களின் பெயர்கள் பக்கம் பக்கமாகக் கிடைக்கும். சுமந்தவன் பெயர்? பின்னால் பாறையை உடைத்துப் பாதை போட்டவன் பெயர்? கோடைக்கானல் வானாய்வகம் 1904 முதல் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறது. அந்தப் படங்களும் இப்போது கணினியில் ஏறிவிட்டன. நூறு ஆண்டுக்கு மேலாகச் சூரியனின் முகத்திலுள்ள புள்ளிகளுக்குக் கணக்கு இருக்கிறது. அந்த மலையில் கல் சுமந்து செத்தவர்களுக்குக் கணக்கு எங்கே?

அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர்கள் நாம்தான். நம் ஊரிலேயே வழி காட்டியவர் இருந்தார். தோழர் டி. செல்வராஜ் திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளரின் வாழ்க்கையை 'தோல்' என்ற நாவலாக எழுதினார். 2012-ல் அதற்கு சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது. சுண்ணாம்புக் குழியில் நின்றவர்களின் வாழ்வை எந்த கெசட்டியர் எழுதியது? மலைக்கும் தோல் ஷாப்புக்கும் சம்பந்தமும் உண்டு. தோல் பதனிட உதவும் பட்டைக்காகத்தான் மலைப் புல்வெளிகளில் வாட்டில் மரத்தை நட்டார்கள். புல்வெளி மழைநீரைப் பிடித்து வைத்து மெதுவாக விடும். அது அழிந்தால் கீழே ஆறு வற்றும். மேலே நட்ட மரத்தின் பலாபலன் கீழே வயலில் தெரிகிறது. மலை வேறு, சமவெளி வேறு என்பது வெறும் பேச்சு.

இன்றைய காகிதம் நாளைய சரித்திரம்

பழைய ஏட்டைத் தேடினால் மட்டும் போதாது. இன்றைய காகிதத்தையும் காப்பாற்ற வேண்டும். கோடைக்கானலில் யூனிலீவர் கம்பெனியின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை பாதரசக் கழிவு விவகாரத்தால் 2001-ல் மூடப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கான ஒப்பந்தம் ஏற்பட்டது 2016-ல். பதினைந்து ஆண்டு! இவ்வளவு நீண்ட வழக்கில் தொழிலாளிக்கு யூனியனும் துணை, கையிலுள்ள காகிதமும் துணை. ஆகவே சம்பளச் சீட்டு, வருகைக் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, வேலை உறுதித் திட்ட அட்டை, சங்க நோட்டீஸ் எதையும் அடுப்பில் போடாதீர்கள். படம் பிடித்து இரண்டு இடத்தில் வையுங்கள்.

செய்ய வேண்டிய வேலை

வேலையை நாம் பங்கு போட்டுக்கொள்வோம். படித்த இளந்தோழர்கள் மாதம் ஒரு நூலைத் தேடி, மலைக் கிராமங்களைப் பற்றி அதிலுள்ள பகுதிகளைத் தமிழில் எழுதித் தரட்டும். ஆங்கிலம் தெரியாத தோழர்கள் கூச்சப்பட வேண்டாம். எந்த ஓடை எங்கே பிறக்கிறது, எந்தப் பாறைக்கு என்ன பெயர் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். தோட்டக் கூலிக்குப் போகிற பெண்கள் அந்தப் பகுதிகளை மேலே கொண்டுபோய்ப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டட்டும். "இதில் எது மெய், எது பொய்?" என்று கேட்கட்டும். அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதிக் கைநாட்டு வாங்கட்டும். ஏடு ஒரு சாட்சியம். வாக்குமூலம் இன்னொரு சாட்சியம். சட்டம் ஒன்றுக்கு மேற்பட்ட சாட்சியம் கேட்கிறது; இந்த இரண்டும் அதற்கு உதவும். அப்புறம் மனுவைக் கிராம சபையில் வையுங்கள். அது அவர்கள் உரிமை; பிச்சையல்ல.

ஒரு எச்சரிக்கை. எந்தக் காட்டில் எந்த மூலிகை, எந்தக் குகையில் எந்தச் சாமி என்பதெல்லாம் அவர்கள் சொத்து. அவர்கள் சம்மதமில்லாமல் அதை ஊருக்குப் பறைசாற்றக்கூடாது. துரைமார் கேட்காமல் எடுத்துப் போனார்கள். நாம் கேட்டுப் படிப்போம், படித்ததைத் திருப்பிக் கொடுப்போம்.

தோழர்களே! பூட்டுக்குப் பெயர்போன ஊர் நம்முடையது. பூட்டுப் பட்டறைத் தொழிலாளிக்குத் தெரியும்: சாவி எவன் கையில் இருக்கிறதோ அவனுக்குத்தான் பெட்டி சொந்தம். மலையின் சரித்திரம் நூறு ஆண்டுக்கு மேல் பூட்டிக் கிடந்தது. இப்போது ஒரு சாவி நம் சட்டைப் பைக்கு வந்திருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை இதே இடத்தில் 1906-ம் ஆண்டு கெசட்டியரின் மலைப் பகுதியைச் சேர்ந்து படிக்கிறோம். நோட்டும் பேனாவும் கொண்டு வாருங்கள்.