கண்டும் காணாமல் விடும் கலை



ஏழு வயதில், மாலை மதரஸாவில், பக்கத்துப் பையனின் மைப்பேனாவை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். நிமிர்ந்தால் ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத்தின் கண் என்மேல். அவர் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து அடுத்த பிள்ளையின் பாடத்தைக் கேட்கத் தொடங்கினார். மறுநாள் யாரும் வருமுன்னே போய், அவன் உட்காரும் இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன்.

அப்படி விட்டுவிடுவது ஹஜ்ரத்தின் சுபாவம் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். அதற்கொரு மரபு உண்டென்பது இமாம் கஸ்ஸாலியைப் படித்தபோதுதான் தெரிந்தது. 1058இல் ஈரானின் தூஸ் நகரில் பிறந்தவர். பாக்தாதின் நிஸாமிய்யா மதரஸாவில் பேராசிரியர். 1095இல் பாடம் நடத்த நா எழாமல் தவித்து, பதவியை உதறிப் புறப்பட்டார். மனம் படுத்தும் பாடு அவர் பட்டறிந்தது.

பின்பு எழுதிய இஹ்யா உலூமித்தீன் என்ற நூலில் பிள்ளை வளர்ப்புக்கும் இடம் கொடுத்தார். நல்லது செய்தால் நாலு பேர் முன்னே பாராட்ட வேண்டும். முதல் தவறைக் கண்டுகொள்ளக் கூடாது. அதிலும் பிள்ளை அதை மறைக்கப் பார்த்தால் கூடவே கூடாது. அம்பலப்படுத்தினால் வெட்கம் போய்த் துணிச்சல் வந்துவிடும். மறுபடி செய்தால் தனியே அழைத்துக் கண்டிக்கலாம். ஓயாமல் திட்டினால் சொல் மதிப்பிழக்கும். ஓதி முடித்ததும் விளையாட விட வேண்டும். விடாவிட்டால் படிப்பே கசந்துபோகும்.

எல்லாமே இன்றைக்கு ஏற்றதல்ல. ஆசிரியர் அடித்தால் அலறாமல் பொறுக்கவும் அவர் பழக்கச் சொல்கிறார். அதை அந்தக் காலத்தோடு விட்டுவிடலாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நஃப்ஸை, அதாவது உன் மனத்தை, கண்காணி, தினமும் கணக்குப் பார் என்று நாம் சொல்லும்போது, சில பிள்ளைகளுக்கு அதுவே பயமாகிவிடும். தொழுகைக்கு முன் ஒளூ சரியாகச் செய்தோமா என்று பத்து முறை கழுவுவார்கள். வஸ்வாஸ் எனப்படும் இந்த ஓயாத சந்தேகத்தை மனநோய்களில் ஒன்றாக வகுத்து வைத்தியம் சொன்னவர், 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கி. உடலுக்கு மருந்து சேமிப்பதுபோல, மனம் தெளிவாக இருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேமித்து வைக்கச் சொன்னார். அப்படிப்பட்ட பிள்ளைக்கு வேண்டியது சிகிச்சை, அதட்டல் அல்ல.

குர்ஆனில் எத்தனை ஜுஸ்உ மனனமாயிற்று என்று கேட்டுப் பழகிவிட்டோம். ஓதும் பிள்ளை மதரஸாவுக்குப் பயந்து வருகிறதா, ஆசையாய் வருகிறதா என்றும் கேட்க வேண்டும்.

அந்தப் பேனா விவகாரம் ஹஜ்ரத்துக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த கணக்கு. பேனாவுக்குச் சொந்தக்காரன் இதை இன்று வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தால், அவனும் தெரிந்துகொள்ளட்டும்.