மறையாக்கப்பட்ட பக்கங்களும் அவற்றின் பதிவேடும்

மேகக் கணிமை நிலையங்களில் ஒரே கணினியின் நினைவகத்தைப் பல வாடிக்கையாளர்களின் மெய்நிகர் கணினிகள் பங்கிட்டுக்கொள்கின்றன; அவற்றுக்கு இடம் ஒதுக்கி இயக்கும் ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருளோ, அந்த நினைவகம் முழுவதையும் படிக்கக்கூடியதாகவே நெடுங்காலம் இருந்துவந்தது. இதை மாற்ற ஏஎம்டி நிறுவனம் 2016-இல் எஸ்இவி என்னும் நுட்பத்தை அறிவித்தது. ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் உரிய திறவுகோலைச் செயலியே வைத்துக்கொண்டு, நினைவகத்திற்குச் செல்லும் தரவை மறையாக்கம் செய்துவிடுவதால், ஹைப்பர்வைசருக்குப் பொருளற்ற எண்களே கிடைக்கும்.

ஆனால் எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்னும் அட்டவணை அப்போதும் ஹைப்பர்வைசரின் கையிலேயே இருந்தது. அதை மாற்றியமைத்தால், மெய்நிகர் கணினிக்குள் இயங்கும் வலைச் சேவையகம் தான் அனுப்ப வேண்டிய கோப்புக்குப் பதிலாக வேறொரு பக்கத்திலுள்ள இரகசியத்தைத் தானே மறைநீக்கி வெளியே அனுப்பிவிடும் என்பதை, 2018-இல் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வாளர்கள் திறவுகோலைத் தொடாமலேயே செய்துகாட்டினர்.

2020-இல் விளக்கப்பட்ட எஸ்என்பி என்னும் விரிவாக்கம் இதற்கு விடையாக வந்தது. நினைவகம் 4 கிலோபைட் அளவுள்ள பக்கங்களாகப் பகுக்கப்பட்டிருப்பதால், நிலத்துக்குப் பட்டாப் பதிவேடு இருப்பதைப் போல, பக்கம் ஒவ்வொன்றுக்கும் உரியவர் யார் என்பதைச் செயலி ஒரு பதிவேட்டில் குறித்துவைக்கிறது. பக்கத்தை ஒதுக்குவது ஹைப்பர்வைசர்; ஆனால் மெய்நிகர் கணினி தனிக் கட்டளை ஒன்றால் ஏற்றுக்கொள்ளும்வரை அந்தப் பக்கத்தை அது தன் தனிப் பக்கமாகப் பயன்படுத்த இயலாது. ஹைப்பர்வைசர் பின்னர் பதிவை மாற்றினால் ஏற்புக்குறி அழிந்துவிடும் என்பதால், களவு அடுத்த அணுகலிலேயே வெளிப்பட்டுவிடும்.

எல்லாப் பக்கங்களையும் தனியாகவே வைத்துக்கொள்ளவும் முடியாது. வட்டும் வலையமைப்பு அட்டையும் பொதுவாக மறையாக்கப்பட்ட தரவைப் படிக்க இயலாதவை என்பதால், சில பக்கங்களைப் பகிர்வு நிலைக்கு மாற்றியே தீர வேண்டும். இங்கே வரிசைதான் முக்கியம்: பகிர்வுக்கு மாற்றும்போது ஏற்பை முதலில் விலக்கிவிட்டுப் பிறகு ஹைப்பர்வைசரிடம் கேட்க வேண்டும், தனிநிலைக்குத் திரும்பும்போது முதலில் கேட்டுவிட்டுப் பிறகே ஏற்க வேண்டும். ஒரு கிகாபைட்டில் 2,62,144 பக்கங்கள் இருப்பதால், தொடக்கத்திலேயே அனைத்தையும் ஏற்பது காலத்தை விழுங்கும். எனவே தேவைப்படும்போது ஏற்கும் முறை 2023-இல் லினக்ஸ் 6.5 பதிப்பில் சேர்ந்தது.

மாற்றக் கோரிக்கை பாதியில் தோற்றுப்போவதே மிகச் சிக்கலான நிலை. பக்கம் தனியானதா பகிரப்பட்டதா என்பது உறுதியாகத் தெரியாத அந்நிலையில் அதைப் பொதுக் கையிருப்பில் சேர்த்தால், நாளை ஏதோவொரு நிரல் தன் கடவுச்சொல்லை அதில் எழுதி, ஹைப்பர்வைசர் அதைப் படித்துவிட நேரும். ஆகவே லினக்ஸ் கருவகம் அத்தகைய பக்கத்தைத் திருப்பித் தராமல், இயந்திரம் நிற்கும்வரை பயனின்றி ஒதுக்கிவைக்கிறது. நினைவகக் கசிவு என்று நிரலர்கள் வழக்கமாகப் பழிக்கும் செயல்தான் இது. ஆயினும் இந்த இடத்தில் அதுவே சரியான முடிவு.