சாவிக்கொத்தை ஏந்தியவர் சொல்வதும் கேட்கட்டும்



சிறைப்பணியில் வாழ்நாளைக் கழித்த ஒருவரின் நினைவாக நடக்கும் பொழிவு இது. ஆகவே இன்று சிறைக் காவலரின் பக்கம் நின்று பேசுகிறேன்.

2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் 4,36,266 பேருக்கே இடம் இருந்தது. அடைக்கப்பட்டிருந்தவர்களோ 5,73,220 பேர். காவலர், அலுவலர் பணியிடங்களில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு காலி. ஆறு கைதிகளுக்கு ஒரு காவலர் வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாதிரிச் சிறைக் கையேடு.

இந்த இடைவெளியை இரவுப் பாரா நிற்பவர் அறிவார். மாலையில் தலை எண்ணி லாக்-அப் செய்தபின் ஒரு தொகுதி முழுவதும் அவர் பொறுப்பு. நள்ளிரவில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கம்பிக்கருகே சாய்ந்தால், தாமாகக் கதவைத் திறந்துவிட முடியாது. அதிகாரி வர வேண்டும். வெளி மருத்துவமனைக்கு என்றால் வழிக்காவல் கிடைக்க வேண்டும். அதுவரை கம்பிக்கு இப்பால் நின்று தைரியம் சொல்வது ஒன்றே அவரால் ஆவது.

கைதி தப்பினால் காவலர் பணியிடை நீக்கம். அதே கைதி திருந்தி வெளியே போய்த் தொழில் செய்து பிழைத்தால், அது எந்தக் காவலரின் பணிப்பதிவேட்டிலும் ஏறுவதில்லை. எதற்குத் தண்டனையோ அதைத்தான் துறை கவனிக்கிறது என்று பணியாளர் எண்ணுவதில் வியப்பில்லை.

காவலர் எல்லாரும் நல்லவர் என்று நான் வாதிடவில்லை. பணம் பறிக்க ஒரு வார்டர் சக கைதியை வதைத்ததைச் சுனில் பத்ரா என்ற தில்லி திகார் சிறைக் கைதி கடிதமாக எழுதினார். அதையே மனுவாக ஏற்று 1979இல் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். அந்தக் கொடுமைக்குக் கண்டிப்பு கட்டாயம் வேண்டும். கண்டிப்போடு பயிற்சியும் வேண்டும். சிறைச் சீர்திருத்தம் பற்றி 1983இல் அறிக்கை தந்த முல்லா குழு, சிறைப்பணிக்கென அகில இந்தியப் பணி ஒன்றையே பரிந்துரைத்தது. அது இன்னும் வரவில்லை. வேலூரில் 1979 முதல் இயங்கும் சிறை நிர்வாகப் பயிற்சி நிலையம் தென்மாநில அலுவலர்களுக்குப் பயிற்சி தருகிறது. கடைநிலைக் காவலர் வரை அத்தகைய பயிற்சி முழுமையாகச் சேர வேண்டும்.

மறுவாழ்வுக்கு வருவோம். புழல் போன்ற இடங்களில் கைதிகள் பெட்ரோல் பங்க் நடத்துகிறார்கள், நல்ல முயற்சி. ஆனால் சிறையில் இருப்போரில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். வேலை, தொழிற்பயிற்சி எல்லாம் தண்டனைக் கைதிகளை எண்ணியே வகுக்கப்பட்டவை. நாளை ஜாமீன் வருமா என்று காத்திருப்பவர்களுக்கு நாள் முழுவதும் சும்மா இருப்பதுதான் வேலை. பீடிக்கும் செல்போனுக்கும் தகராறு அங்கேதான் முளைக்கிறது. நடுவில் நிற்பவர் காவலர்.

எனவே அரசுக்கு மூன்று வேண்டுகோள்: காலியிடங்களை நிரப்புங்கள், விசாரணைக் கைதிகளுக்கும் விருப்பத்தின்பேரில் கல்வியும் தொழிலும் கொடுங்கள், சீர்திருத்தத் திட்டம் எதை வகுக்கும் முன்பும் காவலர்களை அழைத்துக் கேளுங்கள். சமூகப்பணி மாணவர்களே, உங்களில் சிலராவது சிறை நல அலுவலர் பணிக்கு வாருங்கள். அங்கே ஆள் வேண்டும்.