வருமுன் காப்போரைப் பயிற்றுவித்தல்



வினை உயிரை வந்து அடைவதை ஊற்று என்றும், அவ்வரவை அடைப்பதைச் செறிப்பு என்றும், முன்பே சேர்ந்ததைத் தவத்தால் கழிப்பதை உதிர்ப்பு என்றும் சமணம் கூறும். ஓட்டைப் படகில் நீரை இறைத்தால் மட்டும் போதாது, ஓட்டையையும் அடைத்தல் வேண்டும் என்பது பெரியோர் இதற்குக் காட்டும் உவமை. புற்றுநோய் மருத்துவத்தில் நீர் இறைக்கும் வல்லுநர் பலர் உளர். ஓட்டையை அடைக்க வல்லாரை உருவாக்குவது எப்படி என்பதே இவ்வுரையின் பொருள்.

அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1987-இல் இதற்கெனத் தனியே ஓர் ஆய்வு நல்கைத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் சேர்ந்தோர் முனைவர் பட்டமோ, மருத்துவம் போன்ற உயர்தொழிற் பட்டமோ முன்பே பெற்றவர்கள். ஆயினும் அவர்களுள் பலர் முதலாண்டில் மீண்டும் மாணவராகிப் பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டம் பயின்றனர். அதன் பின்னரே மூத்த அறிஞர் ஒருவரின் வழிகாட்டுதலில் ஆய்வில் இறங்கினர். கற்றுத் தேர்ந்தவருக்கு மறுபடியும் கல்வி எதற்கு? மருத்துவர் நோயாளியை அறிவார். ஆய்வுக்கூட அறிஞர் உயிரணுவை அறிவார். நோயே இல்லாத பல்லாயிரம் பேருக்கு ஒன்றைச் செய்யலாமா, கூடாதா என்று முடிவு செய்வதற்கு அவ்விரண்டும் போதா. புள்ளியியலும் நடத்தையியலும் அறவியலும் அங்கே ஒருங்கே வேண்டப்படுகின்றன.

நல்லெண்ணமும் தீங்கு செய்யும் என்பதற்கு அந்நிறுவனமே ஈடுபட்ட ஓர் ஆய்வு சான்று. காய்கனிகளை மிகுதியாக உண்போரிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருப்பதைப் பலர் கண்டிருந்தனர். காய்கனிகளில் உள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால் என்ன என்று எண்ணினர். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேர் சேர்க்கப்பட்டனர். 1994-இல் முடிவு வெளிவந்தபோது அறிவுலகம் திகைத்தது. அம்மாத்திரை உண்டவரிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு மிகுந்திருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் அதே பொருளை வைட்டமின் ஏ-யுடன் சேர்த்துக் கொடுத்து நடந்த மற்றோர் ஆய்விலும் இவ்வாறே நேர, 1996 சனவரியில் மாத்திரைகளை இடையிலேயே நிறுத்தினர்.

காயும் கனியும் குற்றமற்றவை. அவற்றுள் ஒன்றைப் பிரித்தெடுத்து மிகுதியாக ஊட்டியதே பிழை. தமக்கு நேர்ந்த நோய் மாத்திரையால் வந்ததா, புகையால் வந்ததா என்பதை அவருள் எவரும் தனியே அறிய இயலாது. கூட்டத்தை எண்ணிக் கணக்கிட்டவருக்கே அது புலப்பட்டது. விழிப்பின்மையால் நேரும் தீங்கும் இம்சையே என்று கற்றவர்களுக்கு, இத்தகைய எண்ணிக்கை வெறும் கணக்கு அன்று என்பது எளிதில் விளங்கும்.

பிரான்சின் லியான் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் 1966 முதல் ஆய்வாளர்க்கு நல்கை வழங்கி வருகிறது. அம்முகமை திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கை மருத்துவ நிலையத்தாரோடும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையோடும் இணைந்து நடத்திய ஆய்வு இத்துறையின் மறுபக்கத்தைக் காட்டும். அங்கே 114 தொகுதிகளுள் குலுக்கல் போன்ற முறையில் பாதியைத் தேர்ந்தனர். அவற்றிலிருந்த 30 முதல் 59 வயது வரையிலான பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தனர். பயிற்சி பெற்ற செவிலியர், வினிகரில் உள்ள அமிலத்தை நீர்த்த நிலையில் கருப்பை வாயில் தடவி, வெளுக்கும் இடத்தைக் கண்ணாலேயே கண்டறிந்தனர். தேவைப்பட்டோருக்கு உறையவைக்கும் சிகிச்சையும் தரப்பட்டது. 2007-இல் வெளியான முடிவின்படி, அத்தொகுதிகளில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும் அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன. விலையுயர்ந்த கருவி எதுவும் அதற்கு வேண்டியிருக்கவில்லை. மற்றப் பாதித் தொகுதிகளில் இருந்த பெண்களுக்கோ, வழக்கமாகக் கிடைத்துவந்த மருத்துவமே இருந்தது. அவர்களோடு ஒப்பிட்டதனாலேயே அந்த 35 என்னும் எண் கிடைத்தது. எண்ணைப் பயிலும் இளைஞர், அப்பெண்களுக்கு ஆய்வுலகம் பட்ட கடன் யாது என்னும் வினாவையும் சேர்த்தே பயில வேண்டியவர்.

இத்துறையில் பொருளும் குறைவு, புகழும் குறைவு. அறுவை மருத்துவர் இல்லத்துக்குப் பழத்தட்டோடு நன்றி சொல்ல வருவோர் உண்டு. தடுப்பு ஆய்வாளரைத் தேடி எவரும் வருவதில்லை. காக்கப்பட்டவருக்குத் தாம் காக்கப்பட்டதே தெரியாது. அதனாலேயே மருத்துவம் பயிலும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இவ்வழியைச் சொல்வதில்லை போலும்.

கல்வி உதவித்தொகை வழங்கும் அறக்கட்டளைகள் பெரும்பாலும் முதற்பட்டத்தோடு நின்றுவிடுகின்றன. முனைவர் பட்டம் முடித்த பின்னும் ஓரிரு ஆண்டுகள் புள்ளியியலும் பொதுச் சுகாதாரமும் கற்க விழையும் ஒருவருக்கேனும் அடுத்த ஆண்டு முதல் உதவ இயலுமா என்பதை அறங்காவலர்கள் கலந்து ஆராய வேண்டும் என்னும் வேண்டுகோள் இவ்வவையின் முன் வைக்கப்படுகிறது.