கைத்தொலைபேசியும் கோயில் கதவும்



'கணினி யுகத்தில் நம் பண்பாடு' என்று பேசப் பணித்தார்கள். தலைப்பு பெரிது, எனக்குக் கிடைத்திருப்பதோ ஐந்து நிமிடம். ஆகவே ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

2020 ஏப்ரல் 7ஆம் தேதி கிருமிப்பரவல் முறியடிப்பு நடவடிக்கை தொடங்கியதும், சிங்கப்பூரின் மற்ற வழிபாட்டுத் தலங்களைப் போல நம் ஆலயக் கதவும் சாத்தப்பட்டது. வாட்ஸ்அப்பில் அறிவிப்பு அனுப்பினோம். நொடியில் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது. எங்களுக்குப் பெருமைதான்.

அந்த வாரம் வெள்ளியன்று, வழக்கமாக விளக்கேற்ற வரும் மூதாட்டி ஒருவர் எண்ணெய்ப் புட்டியோடு வந்து, சாத்திய கதவின் முன் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார். மாதங்கள் கழித்து என்னைப் பார்த்ததும், "வாத்தியார் தம்பி, ஆத்தா கோயில சாத்தப் போறோம்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

"செய்தி அனுப்பினோமே, பாட்டி."

மகன் வாங்கிக் கொடுத்த தொலைபேசியை எடுத்து நீட்டினார். செய்தி இருந்தது. ஆங்கிலத்தில் இருந்தது.

எழுதிய இளைஞரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அனுப்புமுன் என்னிடம் காட்டி, "தமிழில் தட்டத் தெரியாது சார்" என்றார். எனக்கும் தெரியாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்தவன் நான், "பரவாயில்லை, அனுப்புங்கள்" என்றேன்.

வழி இல்லாமலா போயிற்று? 1995 அக்டோபரிலேயே சிங்கப்பூர்க் கவிதைகளோடு தமிழை இணையத்தில் ஏற்றியவர் நா. கோவிந்தசாமி. அவரும் ஆசிரியர்தாம். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில், ஆங்கில விசைகளை உச்சரிப்புப்படி தட்டினாலே தமிழெழுத்து விழும். அந்த முறை இன்று ஐபோனுக்குள்ளேயே இருக்கிறது. நான்தான் கரும்பலகையோடு நின்றுவிட்டேன்.

பிறகு பேத்தியிடம் கற்றேன். நம் சிறப்பு ழகரம் ஆங்கில நெடுங்கணக்கின் கடைசி எழுத்தில் ஒளிந்திருந்ததைக் கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆயிற்று! இப்போது ஆலய அறிவிப்பு முதலில் தமிழில், அடுத்து ஆங்கிலத்தில் போகிறது. பூப்படக் காலை வணக்கங்களுக்கு அடியில் அது புதைந்துவிடாதபடி, அறிவிப்புக் குழுவில் செயலவை மட்டுமே எழுதலாம் என்று வைத்திருக்கிறோம். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுவோருக்கு என் குரலில் பதிவு செய்தும் அனுப்புகிறேன். பாட்டி குரலிலேயே பதில் போடுகிறார். சில நாள் அது என் உரையைவிட நீளம்.

தமிழ்த் தட்டச்சு பழக விரும்புவோர் சனிக்கிழமை மாலைப் பூசைக்கு முன் மண்டபத்துக்கு வாருங்கள். இளைய தொண்டூழியர்கள் சொல்லித் தருகிறார்கள். அவர்களுடைய ஒற்றுப்பிழைகளை நான் திருத்துகிறேன். தொலைபேசிக்கு முன்பே மின்னூட்டம் செய்துகொண்டு வரவும். மண்டபத்தில் மின்செருகி இரண்டே இரண்டுதான். மூன்றாவதற்கு உபயதாரர் எவரேனும் இந்த அவையில் இருந்தால், நிகழ்ச்சி முடிந்ததும் என்னைப் பார்க்கலாம்.